க்யூவில் கடைசி ஆள்

எங்கள் தாத்தா ஒரு சொல்தா. வெளியூர் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு, பென்ஷனை (அந்தக் காலத்தில் ஃப்ராங்கில்) வாங்கிக்கொண்டு, சாயங்காலம் தொப்பியோடு பீச் ரோட்டில் நடப்பவர்களுக்கு புதுச்சேரியில் அதுதான் பெயர்.

1973-ல் அவர் பாரீஸிலிருந்து வந்தபோது உறவுக்காரர்கள் சென்ட், சாக்லெட், ஒயின் என்று மனசுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து வெளிப்பட்டது, தோளில் மாட்டிக்கொள்ளும் ஒரு ஜப்பான் மெஷின். அதிலிருந்து ஒரு ஒயர் கிளம்பிப் போய் கையில் பிடிக்கும் கேமராவில் முடிந்தது. செகண்ட் ஹாண்ட்தான். ஆனாலும் அதன் விலையைத் தாத்தா கடைசி வரை ஆயாவிடம் சொல்லவில்லை. தைரியசாலிகளுக்கும் ஒரு எல்லை உண்டு.

அதன் பெயர் போர்ட்டபாக். கேஸட் வருவதற்கு முந்தைய வீடியோ. அரை அங்குல அகல டேப்பை ஒரு ரீலிலிருந்து இழுத்து, டிரம்மைச் சுற்றி வளைத்து, இன்னொரு ரீலில் கையால் மாட்ட வேண்டும்.

கொஞ்சம் பூர்வீகம். 1956-ல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் கம்பெனி முதல் வெற்றிகரமான வீடியோ ரிக்கார்டரைக் காட்டியபோது டேப்பின் அகலமே இரண்டு அங்குலம். மெஷின் பீரோக்களின் சைஸ், விலை ஐம்பதாயிரம் டாலர் சுமாருக்கு. டி.வி. நிலையங்கள் மட்டுமே வாங்கலாம். 1965-ல் சோனி வீட்டுக்கென்று அரை அங்குல ரீல் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தது. சுழலும் ஹெட்டுகள் டேப்பில் சாய்வாகக் கோடு கோடாக எழுதும். அதனால் டேப் நிதானமாக ஓடினால் போதும். 1967-ல் தோளில் மாட்டும் முதல் போர்ட்டபாக் வந்தது. அதில் படம் பிடிக்கலாம், போட்டுப் பார்க்க முடியாது. ரீவைண்ட் செய்ய ஒரு கைப்பிடி, மாவு மெஷின் மாதிரி சுற்ற வேண்டியதுதான். 1969-ல் ஜப்பான் கம்பெனிகள் உட்கார்ந்து பேசி அரை அங்குலத்துக்குப் பொதுவாக ஒரு தரம் வகுத்தார்கள். அதற்குப் பிறகு வந்த ரகம்தான் தாத்தாவுடையது. கறுப்பு வெள்ளை. ரீலுக்கு அரை மணி நேரம். ரிக்கார்டர் மட்டும் எட்டுக் கிலோவுக்கு மேல். முக்கியமாக, எடுத்ததை அங்கேயே போட்டுப் பார்க்கலாம்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் அன்றைக்குப் புரட்சி. ஃபிலிம் என்றால் லேபுக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். வீடியோவுக்கு லேபும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். பாரீஸில் கரோல் ரூஸோபுலோஸ் என்ற பெண்மணி, ‘வோக்’ பத்திரிகையில் வேலை போனபோது கிடைத்த பணத்தைக் கொண்டுபோய் ஒரு போர்ட்டபாக்கில் போட்டார். வீடு வாங்குவதா, கார் வாங்குவதா என்று செட்டில்மென்ட் பணத்தைப் பற்றிக் கனவு காணும் நண்பர்கள் கவனிக்கவும். அதை வைத்துத் தொழிலாளிகள், பெண்கள் போராட்டங்களை எடுத்தார். பிறகு 1982-ல் நண்பர்களோடு சேர்ந்து பெண்களின் வீடியோக்களைப் பாதுகாக்க ஒரு மையமே ஆரம்பித்தார். நம் நாட்டிலும், 1972-ல் தில்லியில் தொடங்கிய சென்டிட் என்ற அமைப்பு கையில் தூக்கிப் போகும் வீடியோவைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது.

எங்கள் தாத்தா புரட்சி எதுவும் செய்யவில்லை. அந்த வருஷம் ஜூலை 14 அன்று, பீச் ரோட்டுப் போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் மெடல் குத்திய பழைய சொல்தாக்கள் அணிவகுத்ததைப் படம் பிடித்தார். அப்படியே வீட்டுக்கு வந்து அடுப்படி வரைக்கும் பிடித்தார்.

அன்று ராத்திரி தெருவே கூடிவிட்டது. ஒரு சின்னப் பிரச்னை. போட்டுப் பார்க்க டி.வி. இல்லை. வீட்டில் இல்லை என்று சொல்லவில்லை. ஊரிலேயே இல்லை. சென்னையில் டி.வி. நிலையம் வந்ததே 1975 ஆகஸ்டில்தான்.

தாத்தா அசரவில்லை. கேமராவின் வியூஃபைண்டருக்குள் தீப்பெட்டியளவு குட்டித் திரை ஒன்று இருந்தது. டேப்பை ஓட்டினால் படம் அதிலும் தெரியும். ஒரு நேரத்தில் ஒரு ஆள், ஒரு கண். தெருவாசிகள் வரிசையில் நின்று, வைகுண்ட ஏகாதசி மாதிரி தலைக்கு ஒரு நிமிஷம் தரிசனம் செய்தார்கள். ஆம்பளைகள் முதலில், பிள்ளைகள் அடுத்து, பக்கத்து வீட்டுப் பெண்கள் அதற்கு அடுத்து. ஆயா அத்தனை பேருக்கும் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கண்ணை வைத்தார்.

பேட்டரி தீர்ந்துவிட்டது.

மறுநாள் தாத்தா அடாப்டரைச் சொருகினார். பின்பக்கம் ஒரு குட்டி ஸ்விட்ச். பாரீஸின் பழைய வீட்டுக்கு ஏற்றபடி 110-ல் வைத்திருந்ததை மாற்ற மறந்துவிட்டார். நம்ம ஊர்க் கரன்ட் 230. புகை வந்தது. அதோடு கதை முடிந்தது. ரிப்பேர் செய்ய ஆளில்லை. வி.எச்.எஸ். காலத்தில் அந்த மெஷின் சண்டே மார்க்கெட்டுக்கு எடைக்குப் போனது. மிஞ்சியவை இரண்டு ரீல்கள். ஒன்றை ஆயாவே மொட்டை மாடியில் வடகம் காயும்போது காக்கா விரட்டக் கட்டிவிட்டார். நன்றாகப் பளபளத்ததாம்.

இன்னொன்று பிஸ்கட் டின்னில் இருந்தது. தாத்தா போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்து நான்தான் கண்டெடுத்தேன். பி.காம். படித்தவனுக்குத் தேய்மானம் புரியும். புத்தகக் கணக்கில் அந்த ரீலின் மதிப்பு பூஜ்யம். ஆயாவிடம் காட்டினேன். “இதுல நான் இருக்கேன்டா”என்றார். அதை எந்த லெட்ஜரில் எழுதுவது?

பிரான்ஸில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் மூலமாக, பழைய டேப் வைத்தியர் ஒருவரிடம் அனுப்பினோம். கடற்கரை ஈரக்காற்றில் டேப்பின் பசை இளகி, ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியே ஓட்டினால் உரிந்து வந்துவிடும். 50 டிகிரி சூட்டில் மணிக்கணக்காக வாட்டி ஈரத்தைப் போக்கினால் கொஞ்ச நாளைக்கு ஓடும். அதற்குள் காப்பி எடுத்துவிட வேண்டும். அரை மணியில் பதினோரு நிமிஷம் தேறியது.

அதை என் செல்போனில் போட்டேன். அணிவகுப்பு வந்தது. தாத்தா கேமராவைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துவிட்டார் போல. டியூபில் சூடு விழுந்து, ஒரு தழும்பு எல்லார் முகத்தின் மேலும் கூடவே வந்தது. அப்புறம் வீடு, அடுப்படி. இருபத்தைந்து வயது ஆயா முகத்தைத் திருப்பிக்கொண்டு, “போங்க அந்தாண்ட” என்று லென்ஸைக் கையால் மறைக்கிறார். தாத்தாவின் சிரிப்பு மட்டும் கேட்கிறது.

ஆயா ரொம்ப நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. பிறகு திரையை விரலால் தட்டினார்.

“பின்னாடி நிக்கிறா பாரு பக்கத்து வூட்டுக்காரி. கட்டியிருக்கிறது என் புடவை! அவதான் எடுத்தான்னு அப்பவே சொன்னேன், உங்க தாத்தா நம்பல.”

ஐம்பது வருஷ வழக்கு தீர்ந்தது. பிரதிவாதி உயிரோடு இல்லை.

நாஸாவே, நிலவில் மனிதன் இறங்கிய 1969 ஒளிபரப்பின் மூல டேப்புகளை அழித்து மறுபடி உபயோகித்துவிட்டதாக 2009-ல் ஒப்புக்கொண்டது. நம் பிஸ்கட் டின்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வி.எச்.எஸ். மெஷின் செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பெனியும் 2016-ல் நிறுத்திவிட்டது. உங்கள் அப்பா அம்மா கல்யாணக் கேஸட் பரணில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை மேட்சைத் தியாகம் செய்துவிட்டு அதை இறக்குங்கள். அதைப் போட்டுப் பார்க்க யாராவது க்யூவில் நின்றுகொண்டிருக்கலாம்.

ஆயா செல்போனைத் திருப்பித் தரவில்லை. “அந்தச் சிரிப்பு வர்ற எடத்த மட்டும் இன்னொரு வாட்டி போடு” என்றார்.