அலமாரி என்னும் சாதிச் சான்றிதழ்

2020 பொதுமுடக்கத்தில் தொலைக்காட்சி விவாதங்கள் வீடுகளுக்குள் போயின. பேசுபவர் தலைக்குப் பின்னால் வரிசையாகப் புத்தகங்கள். அதைப் பார்த்தே அவரை அறிவாளி என்று நம்பினோம்.

தோழர்களே, அலமாரி வைக்கச் சுவர் வேண்டும், ஒழுகாத கூரை வேண்டும், படித்த பாட்டனும் வேண்டும். 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி கணினி இருந்த கிராமத்து வீடுகள் 4.4 சதவீதம்தான். சேரிப் பிள்ளைகள் ஒற்றை அறைக்குள், அம்மா சமைக்கும் சத்தத்துக்கு நடுவே, செல்போன் கேமராவை அணைத்துவிட்டு ஆன்லைன் வகுப்பு கவனித்தார்கள்.

புத்தகம் நமக்கு அந்நியமா? பள்ளியில் தனியே சாக்கில் உட்கார வைக்கப்பட்ட அம்பேத்கர்தான், தன் நூல்களுக்கு இடம் வேண்டும் என்று மும்பை தாதரில் ராஜகிருகம் கட்டினார். திரையில் அலமாரிகள் மின்னிய அதே 2020இல், ஜூலை 7 அன்று, அந்த வீடு தாக்கப்பட்டது.

ஊடகங்களைக் கேளுங்கள்: வன்கொடுமை நடந்தால் மட்டும் எங்களைக் கூப்பிடுகிறீர்களே, பட்ஜெட் நாளில் ஏன் கூப்பிடுவதில்லை? கூப்பிட்டால் கேமராவை அணைக்காமல் பேசுங்கள். காரை பெயர்ந்த சுவரும் தெரியட்டும். அதற்கு வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் இல்லை.

ஜெய்பீம்.