ஹீட்டர் பிளக் வயரை வெட்டாதீங்க சாமிகளா!

திருத்தணி பக்கம் பழைய டீசல் வண்டி ஓட்டுற யாரைக் கேட்டாலும் ஒரு வேதவாக்கு சொல்வாங்க. "நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் பிளக் எதுக்குங்க? அதெல்லாம் பனி கொட்டுற ஊருக்கு." சொல்லிட்டு வயரைக் கட் பண்ணி டேப் சுத்திடுவாங்க. கேட்டா, முப்பது வருஷ அனுபவமாம்.

கோடையில வெயில் பட்டியல்ல திருத்தணி பேரு மேல வரும், 40 டிகிரியைத் தாண்டும். ஒத்துக்கிறேன். ஆனா மே மாச மத்தியானத்துல எவன் வண்டி ஸ்டார்ட் ஆகாம நின்னுச்சு? பிரச்சினை மார்கழி விடிகாலை மூணு மணிக்கு. பூவையும் கீரையையும் ஏத்திக்கிட்டு ஓடி கோயம்பேடு சேரணும். ஒரு மணி நேரம் தாமதமானா சரக்குக்குப் பாதி விலை. வண்டிக்கு மாசத் தவணை மட்டும் குறையாது.

அடுத்த வாதம்: "லாரிக்கு ஏது ஹீட்டர் பிளக்?" அய்யா, பெரிய லாரி இன்ஜின்ல டீசல் நேரா பிஸ்டன் தலையில அடிக்குது. 2005-ல வந்த டாடா ஏஸ், நம்ம குட்டி யானை, அப்படி இல்ல. 702 சிசி, ரெண்டே சிலிண்டர். டீசல் முதல்ல ஹெட்டுக்குள்ள இருக்கிற சின்ன அறைக்குப் போகுது. பியூஜோ இன்ஜின் போட்ட பழைய மஹிந்திரா ஜீப்பும் இதே ஜாதிதான். ராத்திரி முழுக்க ஆறிப்போன இரும்பு, அழுத்தத்துல காத்துக்கு வர்ற சூட்டை உறிஞ்சிடும். அந்த அறையில 800 டிகிரிக்கு மேல பழுத்து நிக்கிறதுதான் ஹீட்டர் பிளக். ரெண்டு சிலிண்டர்ல ஒண்ணு பத்தலைன்னா பாதி இன்ஜின் போச்சு. வெள்ளைப் புகை, உதறல், அப்புறம் செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து பரலோகம்.

வயரை வெட்டினவங்க அடுத்து கையில எடுக்கிறது ஈதர் ஸ்ப்ரே, இல்லேன்னா பெட்ரோல் நனைச்ச துணி. அது நேரம் காலம் இல்லாம வெடிச்சு ரிங்கை உடைக்கும். பிளக் வேலை செய்யும்போது அடிச்சீங்கன்னா இன்னும் ஆபத்து. வேற சிலர் பேட்டரியில இருந்து நேரா ஒரு பட்டன் வச்சிடுவாங்க. டைமர் இல்லாம அமுக்கிக்கிட்டே இருந்தா பிளக் முனை வீங்கி உடைஞ்சு உள்ளே விழும். அப்புறம் ஹெட்டையே கழட்டணும்.

இதுக்கு நேர் எதிர்க் கோஷ்டி ஒண்ணு இருக்கு. பிளக், ரிலே, டைமர் எல்லாத்தையும் மாத்து, பில்லைப் போடு! பொட்டி தட்டுற மக்களே, ஒரு புரோகிராம் ஓடலைன்னா மொத்த கம்ப்யூட்டரையும் மாத்துவீங்களா?

திருத்தணி மலைக்கு 365 படி. டிசம்பர் 31 படித் திருவிழாவுல ஒவ்வொரு படிக்கும் பூஜை பண்ணித்தான் ஏறுறாங்க. ஹீட்டர் சர்க்யூட்டுக்கு மொத்தமே அஞ்சு படி: பேட்டரி, ஃப்யூஸ், ரிலே, பிளக், எர்த். அதையும் தாண்டிக் குதிக்கணுமா?

இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்க. சூடா இருந்தா சில டைமர் கரண்டே விடாது. பிளக்கெல்லாம் மாட்டியிருக்கும்போதே ஒருத்தர் சாவியைத் திருப்பட்டும், நீங்க பிளக் தலையில மீட்டரை வைங்க. பேட்டரி வோல்ட்டேஜுக்குப் பக்கத்துல வரணும். ஒண்ணுமே வரலையா, ஃப்யூஸ், ரிலே, டைமர் பக்கம் போங்க. எட்டோ ஒன்பதோ காட்டுதா, முதல்ல பேட்டரி, அப்புறம் பாசி பிடிச்ச கனெக்ஷனும் தேஞ்ச ரிலேவும். ரிலே 'டிக்'னு சத்தம் போட்டா கரண்ட் போகுதுன்னு அர்த்தம் இல்ல. டேஷ்போர்டுல சுருள் லைட் எரிஞ்சா பிளக் பழுத்துச்சுன்னும் அர்த்தம் இல்ல. பலருக்கும் ஏமாத்தம் இங்கேதான்.

வோல்ட்டேஜ் சரின்னா, பிளக்குகளை இணைக்கிற பட்டையைக் கழட்டிட்டு, டெஸ்ட் லேம்ப்பை பேட்டரி பாசிட்டிவ்ல மாட்டி ஒவ்வொரு பிளக் தலையிலும் தொடுங்க. எரியலைன்னா அந்த பிளக் செத்துப்போச்சு. எரிஞ்சா சுருள் அறுந்துபோகலைன்னு மட்டும்தான் தெரியும். சந்தேகம் இருந்தா கரண்டை அளந்து பாருங்க. நல்ல 12 வோல்ட் பிளக் பொதுவா பத்து ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். எல்லா பிளக்கும் சரியா இருந்தும் வண்டி எழும்பலைன்னா, தப்பு கரண்ட்ல இல்ல. கம்ப்ரஷனையும் டீசல் லைன்ல காத்து இருக்கான்னும் பாருங்க.

டெஸ்ட் லேம்ப் விலை ஒரு பிளக் விலையை விடக் கம்மி. மெக்கானிக் அண்ணன் மேல மரியாதை இருக்கு. ஆனா காசு நம்மளது. "லேம்ப் போட்டுக் காட்டுங்கண்ணே, அப்புறம் கழட்டுங்க"ன்னு கேக்கிறது அவமரியாதை இல்ல.

டிஸ்கி: "எங்க தாத்தா காலத்துல"ன்னு ஆரம்பிக்கிற பின்னூட்டத்தோட ஒரு மீட்டர் ரீடிங்கும் சேர்த்து அனுப்பவும்.