எறியச் சொன்ன பிறஷ்

போன மாதம் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த அக்காவுக்கு 2009 இல் ஷெல் பட்டு வலது கை முழங்கையோடு போய்விட்டது. இடது கையிலும் மூன்று விரல்கள்தான் மடங்கும். பல் தீட்டிவிடுவது மகள். அவள் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறாள். விடிய ஐந்தரைக்கு பஸ். "அவள் அவதிப்பட்டுத் தீட்டிவிடேக்க வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது எனக்கு வெக்கமாக் கிடக்கு பிள்ளை" என்று முன்பொரு தடவை சொல்லியிருந்தார்.

பிறகு கனடாவில் இருக்கும் தங்கை பற்றரியில் இயங்கும் பிறஷ் ஒன்றை அனுப்பினா. தடித்த பிடி, மூன்று விரலுக்கும் அடங்கும். பொத்தானை அழுத்தினால் தானாக அதிரும். பல்லில் வைத்து மெல்ல நகர்த்தினால் போதும். உள்ளே பெரிய வித்தை இல்லை. ஒரு சின்ன மோட்டர், அதன் அச்சில் ஒரு பக்கம் பாரம் கூடிய உலோகத் துண்டு. அது சுழலும்போது பிறஷ் அதிர்கிறது. பல கைத்தொலைபேசிகள் அதிர்வதும் இப்படித்தான்.

நான் போன அன்று அது நின்று ஒரு கிழமை. அக்கா மறுபடி மகளின் கையில். மூன்று மாதத்தில் எறிந்துவிட்டு வேறு வாங்கும்படி பெட்டியில் போட்டிருந்தது. அடியில் மூடி இருந்தாலும் ஒட்டியிருந்தது. "தங்கச்சியிட்டை இன்னொண்டு கேக்க வாய் வரேல்லை. எறியாமல் வச்சிருக்கிறன்."

சமூகவியல் படித்த எனக்கு பற்றரியின் கூட்டல் பக்கம் எது என்பதே யோசித்துத்தான் வரும். அக்காவோ 90களின் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவர். பற்றரி கிடைக்காமல், சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன்.

பிறஷைத் துணியால் சுற்றிப் பிடித்து, அடிமூடியைக் குறட்டால் திருகினோம். அசையவில்லை. மூடி சேரும் கோட்டில் பழைய பிளேட்டால் சுற்றிவரக் கீறிவிட்டுத் திருகியபோது 'டக்' என்று கழன்றது. (விளக்கில் சூடாக்கித் திறக்க வேண்டாம், பற்றரி வெடிக்கலாம்.) உள்ளே இருந்தது ரிமோட்டுக்குப் போடும் அதே மெல்லிய 1.5 வோல்ற் பற்றரி! அதன் மேல் ஏ.ஏ.ஏ. என்று எழுதியிருக்கும். சந்திக் கடையிலேயே வாங்கினோம். பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அப்படியே புதியதைப் போட்டோம். இயங்கவில்லை. மூடியில் உள்ள தகடு பற்றரியில் முட்டவில்லை என்று அக்காதான் கண்டுபிடித்தார். இறுக்கி அழுத்தியதும் அதிர்ந்தது. பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு வளையம் வெட்டி மூடிக்கு மேல் இழுத்துப் போட்டோம், தண்ணீர் போகாமல்.

பழைய பற்றரியில் வெள்ளைத் தூள் பூத்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், தோலை அரிக்கும். பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். குப்பையோடு சேர்த்து எரிக்கவும் வேண்டாம், கிணற்றடியில் புதைக்கவும் வேண்டாம்.

கம்பனி சொல்வது முழுப்பொய்யும் இல்லை. மூன்று மாதமளவில் பிறஷை மாற்றச் சொல்லிப் பல் வைத்தியர்களும் சொல்கிறார்கள். தும்பு விரிந்தால் ஊத்தை போகாது, முரசு நோகும். ஆனால் தும்பு தேய்வதற்காக நல்ல மோட்டரையும் எறியச் செய்வது என்ன நியாயம்? தலையைக் கழற்றி மாற்றும் பிறஷ்களும் கடையில் இருக்கின்றனவே. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி 2027 பெப்ரவரி 18 முதல் சிறு சாதனங்களின் பற்றரியைப் பாவிப்பவரே கழற்றி மாற்றக்கூடியதாகச் செய்ய வேண்டும். ஆனால் தண்ணீர் படும் சாதனங்கள் சிலவற்றுக்கு அதில் விலக்கும் உண்டு.

அக்காவின் பிறஷில் தும்பு அவ்வளவு விரியவில்லை, இன்னும் கொஞ்ச நாள் ஓடும். அடுத்த முறை தலை கழற்றும் வகையாகப் பார்த்து அனுப்பும்படி தங்கைக்கு நான் எழுதிக் கொடுத்தேன். அக்கா வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பற்றரி நான் இங்கை வாங்குவன் எண்டும் போடுங்கோ" என்றார்.