நிலநூலின் பகுப்பும் தொகுப்பும்

புவியியல் கலையா, அறிவியலா என்னும் வினா கல்வி வளாகங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. ஒரு பல்கலைக்கழகம் அதற்குக் கலைப் பட்டம் வழங்குகிறது. மற்றொன்று அறிவியல் பட்டம் வழங்குகிறது. பள்ளிப் பாடநூலிலோ அது சமூக அறிவியலின் ஒரு பகுதியாய், வரலாற்றுக்கும் குடிமையியலுக்கும் நடுவே ஒதுங்கி நிற்கிறது. இக்குழப்பத்திற்குக் காரணம் அத்துறையின் குறைபாடு அன்று. அதன் பரப்பே ஆகும். மண்ணையும் மனிதனையும் ஒருங்கே ஆராயும் ஒரு துறையை எவ்வரிசையில் வைப்பது என்றறியாது நாம் திகைக்கிறோம்.

இன்றைய வழக்கில் புவியியல் இருபெருங் கிளைகளாகப் பிரிகிறது. இயற்கைப் புவியியலின்கண் நிலத்தோற்றம், காலநிலை, கடல், மண், உயிரினப் பரவல் ஆகியன தனித்தனித் துறைகளாயின. மானிடப் புவியியலின்கண் மக்கள்தொகை, குடியிருப்பு, பொருளியல், அரசியல், பண்பாடு என்பன கிளைத்தன. நிலப்படவியலும் தொலையுணர்வும் இவ்விரண்டிற்கும் கருவியாய் நிற்கின்றன. ஒரு வட்டாரத்தை எல்லாக் கோணங்களிலும் நோக்கும் வட்டாரப் புவியியலும் உண்டு. 1650ஆம் ஆண்டிலேயே வரேனியஸ் என்னும் அறிஞர் பொதுப் புவியியல், சிறப்புப் புவியியல் எனப் பகுத்து நூல் செய்தார்.

ஆயினும் பகுப்புமுறை ஐரோப்பாவில்தான் பிறந்தது என்று எண்ணிவிடலாகாது. பைத்துல் முகத்தஸில் பிறந்த அல் முகத்தஸீ கி.பி. 985 அளவில் இயற்றிய நூலின் பெயரே 'அஹ்ஸனுத் தகாஸீம் ஃபீ மஃரிஃபத்தில் அகாலீம்' என்பதாகும். நாடுகளை அறிதற்கேற்ற சிறந்த பகுப்புகள் என்பது அதன் பொருள். அவர் நாடுகளை எல்லை வகுத்துப் பிரித்தார். ஆனால் ஒவ்வொரு நாட்டையும் கூறுமிடத்து, அதன் நீர்வளம், விளைபொருள், எடையும் அளவும், மக்களின் பேச்சு, பழக்கவழக்கம், சமயப் பிரிவு ஆகிய அனைத்தையும் ஒருசேரத் தொகுத்துரைத்தார். அல் பிரூனி 1025இல் முடித்த நூலில், கஸ்னா நகரின் கிப்லாத் திசையைத் துணிவதற்காகவே இடங்களின் அகலாங்கு நெட்டாங்குகளைக் கணித்தார். அவரிடத்தில் வானியலும் கணிதமும் நிலநூலும் வணக்கமும் ஒன்றையொன்று தழுவி நின்றன. பூமியில் பயணம் செய்து உற்றுநோக்குமாறு திருமறை பலகாலும் அழைத்ததை அம்முன்னோர் ஏட்டளவில் நிறுத்தவில்லை.

தமிழ் மரபிலும் இத்தகைய நோக்கு உண்டு. தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வமும் உணவும் மரமும் புள்ளும் தொழிலும் கருப்பொருள். மாந்தர்தம் அகவொழுக்கம் உரிப்பொருள். பகுத்த மூன்றையும் ஒரு திணைக்குள் இணைத்ததே அவர்தம் நுட்பம். இதனால் இன்றைய புவியியல் முழுவதையும் அன்றே கண்டுவிட்டார் என்று நான் வாதிடவில்லை. திணை, கவிதைக்கு வகுத்த இலக்கணமே. முகத்தஸீயின் பெயரையும் தொல்காப்பியர் பெயரையும் மேடையில் முழங்கிவிட்டு வீடு திரும்புவது எளிது; அவர்தம் நோக்கைக் கைக்கொள்வதே அரிது.

கொற்கையை எண்ணிப் பாருங்கள். முத்துக்குப் பெயர்பெற்ற பாண்டியர் துறைமுகம் அது. இன்று அவ்வூர் கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. தாமிரபரணி கொணர்ந்த வண்டல் கடலைத் தள்ளிவைத்தது. வணிகம் பழைய காயலுக்குப் பெயர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயல், அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து குதிரைகள் வந்திறங்கிய துறைமுகம். வண்டலை நிலத்தோற்றவியலார் அளப்பர். குதிரை வணிகத்தை வரலாற்றார் எழுதுவர். முத்தைப் பாடிய செய்யுளுக்குத் தமிழாசிரியர் உரை கூறுவர். ஆறும் கப்பலும் பாட்டும் ஒரே ஊரின் கதை என்பதை மாணவர்க்கு எடுத்துரைப்பவர் யார்?

இவ்வினா பழம்பெருமை பற்றியது மட்டுமன்று. 2023 டிசம்பரில் அதே தாமிரபரணிக் கரையோர மாவட்டங்களைப் பெருமழை தாக்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் அப்பகுதியில் பெய்யும் சராசரி மழையினும் அது மிகுதி. மழையின் அளவைக் காலநிலையியல் கூறும். ஆனால் அந்நீர் எவ்வழி பாயும், எக்குளம் உடையும், எத்தெரு மூழ்கும், யார் வீடு இழப்பர் என்பவற்றை எந்தத் தனித்துறையும் முற்றக் கூறவியலாது. பகுத்துக் கற்ற அறிவைத் தொகுத்து நோக்கத் தவறின், அதற்குரிய விலையை ஏழை எளியோரே முதலில் செலுத்துகின்றனர்.

பகுப்பு வேண்டா என்பது என் கருத்தன்று. உறுப்புகளைத் தனித்தனியே கற்றால்தான் மருத்துவம் வளரும். ஆனால் மருத்துவர் காப்பது முழு மனிதனையே. அவ்வாறே பகுத்தல் கற்கும் முறை; தொகுத்தல் பயன்கொள்ளும் முறை. இரண்டும் வேண்டும்.

இப்பணியில் தமிழ்த்துறைக்கும் பங்குண்டு. நம் கடற்கரையூர் மக்கள் வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குப் பெயரிட்டுக் கடலை அறிந்தனர். ஏரி, ஏந்தல், தாங்கல், ஊருணி, கண்மாய் என நீர்நிலைகளைத் தனித்தனிப் பெயரால் அழைத்தனர். இச்சொற்களை முதியோர் வாய்வழிக் கேட்டுத் தொகுக்கும் பணியைத் தமிழ் மாணவரும் புவியியல் மாணவரும் கூடிச் செய்யலாம். சொல்லை ஒருவர் குறிக்க, இடத்தை மற்றவர் நிலப்படத்தில் குறிக்கலாம். சமுதாயப் பெரியோரிடம் ஒரு வேண்டுகோள்: தங்கள் இல்லங்களில் உறங்கும் பழைய கிரயப் பத்திரங்களின் எல்லைக் குறிப்புகளை மாணவர் படிக்க அருள்கூர்ந்து இசைவு தாருங்கள். கிழக்கெல்லை ஓடை, தெற்கெல்லை வாய்க்கால் என்று அவற்றில் எழுதியிருக்கும். அந்த ஓடை இன்று தெருவாகியிருக்கலாம், வாய்க்கால் வீட்டுமனையாகியிருக்கலாம். மறைந்த நீர்வழியை அறிந்த ஊரே அடுத்த வெள்ளத்திற்கு ஆயத்தமாக இருக்கும்.

அன்பு மாணவர்களே! நீங்கள் எத்துறையில் பயின்றாலும் நிற்பது ஒரே நிலத்தில்தான். உங்கள் ஊரின் நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்று இவ்விடுமுறையில் நடந்து சென்று பாருங்கள். நிலநூலின் முதற்பாடம் அங்கே தொடங்கும்.