விடுமுறைக்கு எங்கே தங்குவது?

பள்ளி விடுமுறை அண்மித்ததும் எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையிலே ஆண்டுதோறும் ஒரு வினா எழுவதுண்டு. "மூன்று நாள் ஓய்வு கிடைத்திருக்கிறது. பிள்ளைகளை ஒரு நகரத்துக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். அதிகம் செலவில்லாமல் எங்கே தங்குவது?" எங்கே போவது என்ற கேள்விக்கு விடை எளிதிற் கிடைத்துவிடும். எங்கே தங்குவது என்னும் கேள்வியிலேதான் பலருடைய பயணம் புறப்படுமுன்னரே முடிந்து போகிறது.

நம் முன்னோருக்கு இந்தக் கவலை அதிகம் இருந்ததில்லை. கொழும்பிலோ கண்டியிலோ ஓர் உறவினர் உத்தியோகத்தில் இருப்பார். அவர் வீட்டு விறாந்தையில் பாய் விரித்தால் போதும். யாத்திரை சென்றால் மடங்கள் இருந்தன. அரசாங்க அலுவலாகச் சென்றவர்களுக்கு வாடி வீடுகள் இருந்தன. இன்று உறவினர் பலர் கடல் கடந்து சென்றுவிட்டனர். கொழும்பில் எஞ்சியிருப்போரோ இரண்டு அறை கொண்ட மாடி வீடுகளில் நெருக்கிக்கொண்டு வாழ்கின்றனர். பெரிய ஹோட்டல்களின் வாடகை வெளிநாட்டவர் பணத்தை எண்ணி வகுக்கப்பட்டது. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்தினர் சற்றுச் சிந்தித்தே இடந்தேட வேண்டியிருக்கிறது.

சிந்தியாமல் தேடிய பயனை நானும் ஒருமுறை அனுபவித்தேன். சில ஆண்டுகளுக்கு முன் நகரமொன்றிலே, வாடகை குறைவு என்பதையும் அழகிய படமொன்றையும் மாத்திரம் நம்பி அறையொன்றை ஒழுங்கு செய்தேன். சென்று பார்த்தால் அறைக்குச் சன்னலே இல்லை. மூன்றாம் மாடி; அம்மாவுக்கோ முழங்கால் நோவு. மேலதிக மெத்தைக்கு ஒரு பணம், சுடுநீருக்கு ஒரு பணம், துவாய்க்கு ஒரு பணம் என்று கூட்டிக் கழித்தபோது, நல்ல விடுதியொன்றின் வாடகையே வந்து நின்றது. முறையிடலாமென்றால் வீட்டுக்காரரைக் காணவில்லை. மேசையில் இருந்த பையனுக்கு ஒன்றுந் தெரியாது. மலிவு வேறு, சிக்கனம் வேறு என்பதை அன்று கற்றேன்.

அடுத்த பயணம் காலிக்கு. பத்தாம் வகுப்பிலே வரலாறு படிக்கும் என் மகளின் விருப்பம் அது. இம்முறை விடுதி வேண்டாம், கோட்டைக்குள்ளே குடும்பத்தினர் வாழும் பழைய வீடொன்றில் அறை எடுத்துத் தங்குவோம் என்று தீர்மானித்தேன். மனைவிக்கும் மகளுக்கும் சம்மதம். அம்மா மாத்திரம் மறுத்துவிட்டார்.

"தம்பி, பிறத்தியார் வீட்டிலை படுத்தெழும்பினது போதும். நான் வரேல்லை" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இருப்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளியேறியபோது நாங்கள் தென்மராட்சியில் ஒரு வீட்டு விறாந்தையில் மாதக்கணக்கிற் கிடந்தோம். அந்த வீட்டார் நல்லவர்கள். ஒரு நாளும் முகஞ் சுளித்ததில்லை. ஆயினும் இன்னொருவர் கிணற்றில் வாளி போடும் ஒவ்வொரு தடவையும் அம்மா கூசியதை நான் கண்டிருக்கிறேன். அப்போது எனக்கு அம்மகளின் வயதுதான். "இது அப்படியில்லையம்மா, காசு கொடுத்துத் தங்குவது" என்று சமாதானஞ் சொல்லி ஒருவாறு அழைத்துச் சென்றேன். உள்ளூர எனக்கும் அச்சந்தான்.

கொழும்பிலிருந்து காலிக்கு ஏறத்தாழ 115 கிலோமீற்றர். 1894 ஆம் ஆண்டிலே காலியை எட்டிய இருப்புப் பாதை கடலை ஒட்டியே செல்வது. காலி நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் கோட்டை. பழைய வாயிலின் வெளிமுகப்பிலே பிரித்தானிய அரச சின்னம். உட்புறத்தில் 1669 என்னும் ஆண்டுடன் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம். போர்த்துக்கேயர் தொடங்கிய அரணை 1640 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி விரித்துக் கட்டினர். 1796 இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. இந்த வரலாற்றை வாயிலின் இரு பக்கங்களையும் பார்த்தே என் மகள் படித்துக்கொண்டாள்.

நாங்கள் தங்கிய வீடு குறுகிய தெருவொன்றில் இருந்தது. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய பருத்த சுவர். தெருவை நோக்கிய தூண் விறாந்தை. உள்ளே வானம் பார்த்த நடுமுற்றம். "எங்கடை நாற்சார் வீடு மாதிரிக் கிடக்கு" என்றார் அம்மா. புறப்பட்டதிலிருந்து அவர் மகிழ்ந்து பேசிய முதல் வார்த்தை அது.

வீட்டுக்காரி அறுபதைத் தாண்டிய முஸ்லிம் அம்மையார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் பேசத் தொடங்கினேன். அவர் சிரித்துக்கொண்டு, "யாழ்ப்பாணத்தாக்களா? உள்ளுக்கு வாங்க. அக்காவுக்குக் கீழ் அறையைத் துப்பரவாக்கி வைச்சிருக்கன்" என்றார். காலிக் கோட்டையில் வாழ்வோரில் முஸ்லிம் மக்கள் கணிசமானோர். அவர்களுட் பலர் வீட்டிலே தமிழ் பேசுபவர்கள். நாட்டின் தென் கோடியிலே தமிழ் கேட்ட அம்மாவின் முகத்தை நான் மறக்க முடியாது.

நாங்கள் மரக்கறி உண்போர் என்பதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருந்தேன். காலையில் இடியப்பமும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. சம்பலை அம்மா தயங்கிப் பார்த்தார். "மாசி போடல்ல அக்கா. அம்மி கழுவித்தான் அரைச்ச" என்றார் அம்மையார். கேட்குமுன்னரே சொன்ன அந்தச் சொல்லை எந்தப் பெரிய ஹோட்டலின் உணவுப் பட்டியலிலும் காண இயலாது.

இரண்டாம் நாள் மாலை. நாங்கள் மதிலின்மேல் நடந்து, 1939 இல் எழுந்த வெளிச்ச வீட்டையும், அதன் எதிரே தேவாலயம் போன்ற தோற்றமுடைய பள்ளிவாசலையும் பார்த்துத் திரும்பினோம். முதிய பெண்கள் இருவரும் விறாந்தையில் அமர்ந்து தேத்தண்ணீர் அருந்திக்கொண்டிருந்தனர். பேச்சு 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 பற்றியது. ஆழிப் பேரலை காலி நகரைச் சூறையாடிய அன்று இந்தப் பழைய மதில்கள் கோட்டையின் உட்புறத்தைப் பெரிதும் காத்து நின்றன. வெளியிலிருந்து ஓடி வந்தவர்களுக்குத் தம் விறாந்தையை விட்டதாக அம்மையார் சொன்னார். "யாரு எவரெண்டு கேக்கல்ல. பாயெல்லாம் எடுத்து விரிச்சம். ஆனா அதில ஒரு கிழவி, தண்ணி கேக்கவும் வெக்கப்பட்டுப் போனா. அதுதான் எனக்கு இப்பவும் மனசில நிக்கிது."

அம்மா நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அந்தக் கிழவியைப் போலைதான் தங்கச்சி, நானும் ஒரு காலம் இருந்தனான்" என்று கூறித் தென்மராட்சிக் கதையை முதன்முறையாக வெளியார் ஒருவரிடம் சொன்னார். நாங்கள் மூவரும் ஓசையின்றி உள்ளே சென்றுவிட்டோம்.

வாசகர்களே, இடந்தேடும் விடயத்தை எழுதவந்தவன் குடும்பக் கதையைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். நகரம் ஒன்றைக் காண்பதென்பது அதன் மதில்களை மாத்திரம் காண்பதன்று. அதில் வாழும் மனிதரையும் காண்பது. ஒல்லாந்தர் 1658 இல் கைப்பற்றிய கோட்டை நம் யாழ்ப்பாணத்திலும் உண்டு. அங்கே 1706 இல் எழுந்த சிலுவைக் கோயில் போரில் அழிந்தது. இன்று கோட்டைக்குள்ளே குடிகள் இல்லை. காலிக் கோட்டையிலோ பிள்ளைகள் பள்ளிக்குப் போகின்றனர். வழக்கறிஞர் கறுப்பு அங்கியுடன் நீதிமன்றம் செல்கின்றனர். முற்றத்திலே துணி உலர்கிறது. 1988 ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக ஏற்றது.

ஆனால் அந்த வாழ்வுக்கும் ஆபத்து நேர்ந்திருக்கிறது. பழைய வீடுகள் பல நல்ல விலைக்குக் கைமாறி, செல்வர் தங்கும் விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன. முன்பு நியூ ஓரியண்டல் என்று பெயர் பெற்றிருந்த ஹோட்டலும் இன்று நம்போன்றோர் வாயிலில் நின்று பார்த்து மகிழத்தக்கதே. கூரை ஓட்டையும் சுவர் வெடிப்பையும் திருத்தப் பணமின்றி வீட்டை விற்க நினைக்கும் குடும்பத்துக்கு, ஓர் அறையின் வாடகை சிறு தூணாகலாம். நாம் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது என்று எண்ணிப் பார்ப்பதும் பயணத்தின் ஒரு பகுதியே.

இனி, அனுபவத்திற் கற்ற சில குறிப்புகள்.

முதலாவது, காலம். தென்மேற்குக் கரையோரத்தில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெளிநாட்டவர் திரள்வர், வாடகையும் ஏறும். ஆகஸ்ட் விடுமுறையில் கடல் கொந்தளிக்கும், இடையிடையே மழை பெய்யும். ஆனால் நடந்து பார்க்கும் நகருக்கு அது பெருந்தடையன்று. நீண்ட வாரவிடுமுறைகளைத் தவிர்த்தல் நன்று.

இரண்டாவது, இணையத்தளத்திலே வீட்டைக் கண்டுபிடியுங்கள். முடிவு செய்யுமுன் தொலைபேசியில் வீட்டாருடன் பேசுங்கள். வீட்டார் அங்கேயே வசிக்கின்றனரா, மாடிப்படி உண்டா, சன்னல் உண்டா, குளியலறை தனியா பொதுவா என்று கேளுங்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிற் பதிவு செய்த வீடா என்பதையும் வினவலாம். கேள்விகளுக்கு மனமுவந்து விடை சொல்லும் வீட்டில் உபசாரமும் அவ்வாறே இருக்கக் காண்பீர்கள்.

மூன்றாவது, காலையுணவு, வரி, மேலதிகப் படுக்கை அனைத்தும் அடங்கிய முழுத்தொகையை எழுத்திலே பெற்றுக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தியாயினும் போதும். நாங்கள் நால்வரும் மூன்று இரவு தங்கிய செலவு, அருகிலிருந்த பெரிய விடுதியொன்றிலே ஓர் இரவுக்குக் கேட்ட தொகையிலும் குறைவு.

நான்காவது, நகரத்தின் நடுவிலே தங்குங்கள். தொலைவில் மலிவான அறை எடுப்பவர் மிச்சம் பிடித்ததை முச்சக்கரவண்டிக்குக் கொடுத்துவிடுவர். முதியோருக்கு நண்பகலில் வந்து இளைப்பாறவும் இயலாது.

ஐந்தாவது, மாணாக்கருக்கு. வீட்டாரின் வீடு விடுதியன்று. இரவு உரத்துப் பேசாதீர்கள். கேளாமற் படம் பிடிக்காதீர்கள். தொழுகை வேளையையும் பூசை வேளையையும் மதியுங்கள். கொழும்பில் வண்டி மாறும்போது நேரமிருந்தால் தேசிய நூதனசாலைக்குச் சென்று, 1911 இல் காலியிலே கண்டெடுக்கப்பட்ட சாசனத்தைப் பாருங்கள். சீனக் கடற்றலைவர் செங் ஹெ நிறுவிய, 1409 ஆம் ஆண்டுக்குரிய கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதப்பட்டது. தேவேந்திரமுனையிற் கோயில் கொண்டிருந்த தென்னாவர நாயனாரைத் தமிழிலே போற்றுவது. பிறர் ஊருக்கு வருபவன் அவ்வூராரின் மொழியையும் தெய்வத்தையும் மதிக்க வேண்டுமென்பது ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே அறியப்பட்டிருந்தது.

நான்காம் நாட் காலை பெட்டிகளைக் கட்டினோம். வாடகையை நான் எண்ணிக் கொடுத்தேன். அம்மா தம் பையிலிருந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பனங்கட்டிக் குட்டானை எடுத்து அம்மையாரின் கையில் வைத்தார்.

"தங்கச்சி, யாழ்ப்பாணம் வந்தால் எங்கடை வீட்டிலைதான் தங்கவேணும். காசு கீசு எண்டு கதைக்கப்படாது."

புகைவண்டியில் ஏறி அமர்ந்த பின்னர், மெல்ல என் பக்கம் திரும்பி, "அடுத்த லீவுக்கு எங்கை தம்பி?" என்று கேட்டார்.