வேதாவுக்குக் கிடைத்த மீதி

பாட்டுப் போட ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் நம்மில் பலர். சென்னையின் போன் தொல்லையிலிருந்து தப்பி, காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஒரு விடுதியைப் பிடித்து, கீபோர்டோடு உட்கார்ந்தால் மெட்டு தானாக வந்துவிடும் என்றொரு நம்பிக்கை. சேலத்தை விட்டுக் கிளம்பி, சேர்வராயன் மலையின் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்பே, சாலையோரம் ஒரு பழைய நுழைவு வளைவு வந்துவிடுகிறது. மாடர்ன் தியேட்டர்ஸில் இன்று கண்ணில் படுவது அது ஒன்றுதான். கற்பனையும் காசும் எப்படிக் குடித்தனம் நடத்தின என்று அறிய விரும்பும் இசையமைப்பாளர் வண்டியை நிறுத்த வேண்டிய இடம் அது.

டி. ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து, 1930களில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவைக் கட்டினார். ஆலையில் துணி நெய்வதுபோல்தான் படமும் எடுத்தார்: மாதச் சம்பளத்துக்கு ஆட்கள், குறித்த நேரத்துக்கு வேலை, நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். இப்படியொரு கம்பெனியில் இசையமைப்பாளருக்கு மூச்சுவிட இடம் இருந்திருக்காது என்றுதான் தோன்றும்.

ஆனால் 1950இல் அங்கிருந்து வந்த ‘மந்திரி குமாரி’யின் மலையுச்சிப் பாட்டைக் கேளுங்கள். இசை ஜி. ராமநாதன், குரல்கள் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும். மனைவியைத் தள்ளிக் கொல்லப் போகிறவன் ஆசையாகப் பேசி உச்சிக்கு அழைத்துப் போகிறான். அவளுக்குக் காதலாகக் கேட்க வேண்டும், தியேட்டரில் இருப்பவனுக்கு வயிற்றைக் கலக்க வேண்டும். ராமநாதன் மெட்டில் எந்தப் பயத்தையும் வைக்கவில்லை, அழகாகவே விட்டுவிட்டார். பயங்கரம் முழுவதும் காட்சியில் இருக்கிறது. படத்தின் நாயகன் எம்.ஜி.ஆர்.; மக்கள் மனத்தில் தங்கிய பாட்டோ வில்லன் எஸ். ஏ. நடராஜனுக்குப் போனது. இன்றைக்கு எந்த ஹீரோவின் மேலாளர் இதற்குச் சம்மதிப்பார்? கணக்குப் பார்த்துப் படமெடுத்த முதலாளி சம்மதித்தார். அவருடைய கெடுபிடி நேரத்திலும் பணத்திலும் இருந்தது. காட்சிக்கு என்ன மெட்டு என்பதை அதற்கென வைத்த ஆளிடம் விட்டிருந்தார்.

1963இல் சுந்தரம் மறைந்தபின் அவர் மகன் காலத்தில் கம்பெனி துப்பறியும் படங்களுக்குத் திரும்பியது. இசை வேதா. அப்போதைய இந்தி வெற்றிப் பாடல்களின் மெட்டுகளே தமிழ் வார்த்தைகளோடு வரிசையாக வந்தன. 1965இன் ‘வல்லவனுக்கு வல்லவன்’, ‘உஸ்தாதோன் கே உஸ்தாத்’ என்ற இந்திப் படத்தின் தழுவல். கதையோடு, ரவி இசையமைத்த காதல் பாட்டின் மெட்டும் சேலத்துக்கு வந்து சேர்ந்தது. ரஃபி பாடியதைத் தமிழில் டி.எம்.எஸ். பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நம் தொழிலுக்கு ஒரு பாடம் இருக்கிறது. ரஃபி குழைகிற இடத்தில் டி.எம்.எஸ். நிமிர்ந்து நிற்கிறார், தமிழின் வல்லெழுத்துகள் மெட்டின் நடையையே கொஞ்சம் மாற்றிவிடுகின்றன. தமிழ்நாட்டில் அது தமிழ்ப் பாட்டாகவே வாழ்கிறது. மூலம் வேறு என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள்.

வேதாவுக்குச் சொந்தச் சரக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1960இல் வந்த ‘பார்த்திபன் கனவு’ அவர் இசைதான். அந்த மெல்லிசையைக் கேட்டவர்கள், இதே ஆளா அதையும் செய்தார் என்று வியப்பார்கள். ஆனாலும் தமிழ்த் திரையிசை வரலாற்றைப் பேசும்போது வேதாவை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். மெட்டு பிறருடையது என்றதும், குரல் தேர்வு, வாத்தியக் கோர்ப்பு, மொழிக்கேற்ற நடை என்று அவர் செய்த மீதி வேலையும் கணக்கில் வராமல் போய்விட்டது. இது எனக்கு அநியாயமாகவே படுகிறது. ஆனால் சந்தை அப்படித்தான் எண்ணும்.

அன்று பிறர் மெட்டு இந்தி இசைத்தட்டாக வந்தது; இன்று அதற்குப் பதில் ‘ரெஃபரன்ஸ்’ வருகிறது. இயக்குநர் வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டை அனுப்பி, “இதே ஃபீல் வேணும் சார்” என்கிறார். எடிட்டில் அந்தப் பாட்டையே போட்டு மாதக்கணக்கில் பார்த்துப் பழகியபின் நாம் எதைக் கொடுத்தாலும் அவர் காதுக்கு ஏதோ குறைகிறது. ரெஃபரன்ஸ் வாங்கவே கூடாது என்று வீறாப்புப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாடகை கட்ட வேண்டாமா? அதில் எது வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி. வேகமா, தாளமா, குரலின் தன்மையா, மெட்டேதானா? முதல் மூன்றில் எதைச் சொன்னாலும் வேலை நம்முடையது. நான்காவது என்றால், மூல உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கித் தருவது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

இதில் காசும் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு படத்துக்குப் போட்ட இசைக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேதா காலத்து ஆட்கள் வேலை செய்ததும் கைக்காசோடு கணக்கு முடிகிற அந்த உலகில்தான். சொந்த மெட்டுக்கும் வந்த மெட்டுக்கும் சம்பளத்தில் பெரிய பேதம் இல்லை. 2012இன் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் இதை மாற்றிவிட்டது. பாட்டு திரையரங்கில் படத்தோடு ஓடுவதைத் தவிர வேறு வழியில் பயன்பட்டால், ராயல்டியில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அல்லாமல் வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்கவும் முடியாது. இரவல் மெட்டில் அந்தப் பங்கைக் கேட்க நமக்கு வாய் எழாது. ஆக, முழுக்கக் காசுக்காக வேலை செய்கிறேன் என்கிறவரும் இப்போது சொந்த மெட்டுக்காகப் பிடிவாதம் பிடித்தாக வேண்டும்.

இளம் உறுப்பினர்கள் பலர் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுகிறார்கள். ரெஃபரன்ஸ் பற்றி எழுத வேண்டிய வாசகத்தின் மாதிரி அடுத்த இதழில் வரும். அதற்குள் கையெழுத்துப் போட வேண்டியிருந்தால், எந்த ரெஃபரன்ஸ் எந்தத் தேதியில் வந்தது, அதில் எதை எடுக்கச் சொன்னார்கள் என்பதையாவது ஒரு மின்னஞ்சலாக அவர்களுக்கே அனுப்பி வையுங்கள்.