கழிப்பறையில் குடியிருக்கும் தேவதை

தலைப்பைப் பார்த்து மூக்கைப் பிடித்துக் கொள்ளாதீர்கள், சகோதரிகளே! இது நானாக வைத்த பெயர் இல்லை. ஜப்பானில் 2010-ம் ஆண்டு நவம்பர் மாதம் தனி இசைத்தட்டாக வந்து, கேட்டவர்களைக் கண் கலங்க வைத்த ஒரு பாட்டின் பெயரே ஏறக்குறைய இதுதான். 'டொய்ரே நோ காமிசாமா', அதாவது 'கழிப்பறைக் கடவுள்'. மெட்டமைத்துப் பாடியவர் உவேமுரா கானா என்ற பெண். அப்போது அவருக்கு வயது 27. வரிகளை யமாதா ஹிரோஷி என்பவருடன் சேர்ந்து எழுதினார்.

பாட்டென்றால் நாலைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் அல்லவா? இது 9 நிமிஷம் 52 விநாடி! அவ்வளவு நேரம் என்னதான் பாடுகிறாராம்? தன் பாட்டியின் கதையைத்தான்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதிருந்து பாட்டியோடு இருந்தவர் கானா. பெற்றோர் வீடு பக்கத்திலேயேதான். பேத்தி தினமும் பாட்டிக்கு ஒத்தாசை செய்வாள். இரண்டு பேரும் ஐந்து காய்களை வரிசையாக அடுக்கும் ஆட்டம் ஆடுவார்கள். கடைத்தெருவுக்குப் போனால் வாத்துக்கறி போட்ட நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். எல்லா வேலையும் செய்கிற அந்தப் பெண்ணுக்குக் கழிப்பறை கழுவுவது மட்டும் ஆகாது. பாட்டி அடிக்கவில்லை, திட்டவில்லை. அங்கே ஓர் அழகான தேவதை இருக்கிறாள், தினமும் சுத்தமாக வைத்தால் அவளைப் போலவே நீயும் அழகாகி விடுவாய் என்று சொல்லி வைத்தார். அவ்வளவுதான்! அன்றிலிருந்து பெண் தேய்த்த தேய்ப்பில் கழிப்பறை பளபளத்தது.

(பேரனிடமும் இதையே சொல்லியிருக்கலாமே பாட்டி என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. பிரஷ் பிடிக்க ஆண் பிள்ளைக்கும் கை இருக்கிறதே!)

இது அந்தப் பாட்டியின் சொந்தச் சரக்கும் அல்ல. ஜப்பானிய கிராமங்களில் கழிப்பறைக்கென்று ஒரு தெய்வம் உண்டென்பது பழைய நம்பிக்கை. அந்தக் காலத்தில் கழிவெல்லாம் வயலுக்கு உரமாகப் போனது. அதனால் விளைச்சலோடும் பிள்ளைப் பேற்றோடும் அந்தத் தெய்வத்தைச் சேர்த்துப் பேசினார்கள். கர்ப்பிணி கழிப்பறையைச் சுத்தமாக வைத்தால் அழகான குழந்தை பிறக்கும் என்பார்கள். சில ஊர்களில் குழந்தை பிறந்த ஏழாம் நாள் அதைத் தூக்கிக் கொண்டு போய் அந்தத் தெய்வத்துக்குக் காட்டும் வழக்கமும் இருந்தது.

இதைப் படித்துவிட்டு வாயும் வயிறுமாக இருப்பவர்கள் யாரும் ஆசிட் பாட்டிலை எடுத்து விடாதீர்கள், அம்மா! ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சை அடைக்கும் விஷம் அது. கர்ப்பிணி மட்டுமல்ல, யாருமே இரண்டையும் கலக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். வழுக்கும் தரையில் குந்தி எழுவதை அந்த மாதங்களில் வீட்டுக்காரரிடம் விட்டு விடுங்கள். தேவதை கோபித்துக் கொள்ள மாட்டாள்.

பாட்டுக்கு வருவோம். டெலிவிஷனில் வந்த ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியைப் பதிவு செய்யப் பாட்டி தவறிவிட்டாராம். அதற்காகப் பேத்தி அழுது ஆர்ப்பாட்டம் செய்திருக்கிறாள். இதையும் மறைக்காமல் பாடுகிறார் கானா. பெண் பெரியவளானாள். பாட்டியோடு மனஸ்தாபம். லீவு நாளிலும் வீடு தங்காமல் சிநேகிதனோடு சுற்றல். ஐந்து காய் ஆட்டமும் நின்றது, நூடுல்ஸும் நின்றது. பிறகு பாட்டியை விட்டுவிட்டுத் தனியாக டோக்கியோவுக்குப் போய் விட்டாள்.

இரண்டு வருஷம் கழித்துப் பாட்டி ஆஸ்பத்திரியில். மெலிந்து, சின்னதாகக் கிடந்தவரைப் பார்க்க ஓடி வருகிறாள் பேத்தி. பழையபடி பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே, 'போதும், கிளம்பு' என்கிற மாதிரிப் பாட்டி அனுப்பி விடுகிறார். மறுநாள் காலையில் உயிர் பிரிந்து விட்டது, அவள் வந்து போவதற்காகவே காத்திருந்ததைப் போல.

ஏன் போகச் சொன்னார்? பாட்டு இதற்குப் பதில் சொல்வதில்லை. தன் கடைசி மூச்சைப் பெண் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பார் என்றுதான் எனக்குப் படுகிறது. நம் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தானே! வலி என்று வாய் திறந்து சொல்லாமல், 'நீ போய் சாப்பிடு, குழந்தை அழப் போகுது' என்பார்கள்.

2010 டிசம்பர் 31-ம் தேதி இரவு, ஜப்பானே கூடி உட்கார்ந்து பார்க்கும் புத்தாண்டுப் பாட்டுப் போட்டி நிகழ்ச்சியில் கானா இதைப் பாடினார். அந்த வருஷத்து ஜப்பான் இசைத்தட்டு விருதுகளில் பாடல் வரிகளுக்கான பரிசும் கிடைத்தது. 2011 ஜனவரியில் டெலிவிஷன் நாடகமாகவும் வந்தது.

எனக்குப் பிடித்த ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. கானா பிறந்தது ஒசாகாவுக்குப் பக்கத்தில், ஹியோகோ மாகாணத்தில். அந்தப் பக்கத்துப் பேச்சுக்கென்று தனி வாசனை உண்டு. பாட்டி பேசுவது அந்தப் பேச்சில்தான். அழகிக்கு அவர் சொல்லும் சொல் கூட ஊர்ப் பக்கத்துப் 'பெப்பின்'தான். பேத்தியோ கதையைப் பெரும்பாலும் பொதுப் பேச்சிலேயே சொல்லிக் கொண்டு போகிறார். நல்ல மனைவியாக வேண்டும் என்ற கனவோடு இன்றைக்கும் கழிப்பறையைத் தேய்க்கிறேன் என்கிறார். கடைசியில் பாட்டிக்கு நன்றி சொல்லும் இடம் வருகிறது. டோக்கியோப் பேச்செல்லாம் அங்கே உதிர்ந்து போய், பாட்டி பேசிய அதே ஊர்ப் பேச்சு வாயில் வந்து விடுகிறது.